வாத்துக்கு ஒரு பாடு

இமயமலை உச்சியில் வாழும் உயிர்களைக் காப்பாற்றும் பொறுப்பு மணல்மேட்டுக்குப்பத்தின் தலையில் விழுந்திருக்கிறது என்று ஜெகதீஸ்வரன் அறிவித்தபோது, குணசுந்தரி தெருக்குழாயில் கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஊரிலேயே உயரமான இடம் எல்லையம்மன் கோயில் மேடை. இடுப்பளவு இருக்கும். அதில் ஏறி நின்றுதான் அவர் பேசினார்.

பனிச்சிகர உயிர்க்காவல் மையத்தின் இயக்குநர் அவர். சொந்த ஊர் சென்னைதான் என்றாலும் லடாக்கில் நெடுங்காலம் இருந்துவிட்டதால், பழவேற்காட்டுப் புழுக்கத்திலும் உடம்பெல்லாம் பை வைத்த அந்தக் கையில்லாத அங்கியைக் கழற்ற மறுத்தார். வியர்வை ஆறாக ஓடியது. அதையும் களப்பணியில் சேர்த்துக்கொண்டார் போலிருக்கிறது.

விஷயம் வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் பின்பக்கமாக இரண்டு கறுப்புக் கோடு போட்ட பறவை. கோடையில் பனிமலை ஏரிக்கரையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு இமயமலையைத் தாண்டி இறங்கி வருகிறது. அதில் ஒரு கூட்டம் பழவேற்காடு ஏரியில் கோரைத்திட்டு என்ற ஆழமில்லாத இடத்தில் பகலெல்லாம் ஒற்றைக் காலில் தூங்கும். ஊர்க்காரர்கள் அங்கே இறாலுக்கு வலை கட்டக் கழி அடித்தால் மிரண்டு எழுந்து நெல் வயலில் போய் விழும். வயல்காரன் பட்டாசு கொளுத்துவான். மலையில் நாங்கள் பொத்திப் பொத்தி வளர்ப்பது இங்கே வந்து நாசமாகிறது என்பது ஜெகதீஸ்வரனின் வருத்தம். குளிர்காலம் முடியும்வரை கோரைத்திட்டை விட்டுவிட வேண்டும். பதிலுக்கு ஊர்ப் பெண்களுக்கு வாழ்வாதாரப் பயிற்சி உண்டு: ஆட்டுக் கம்பளியில் பொம்மை செய்வது. மலையில் அது பெரிய வெற்றியாம். கம்பளி மூட்டை ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்தாலே உடம்பு அரித்தது.

"விடறது பெரிய விஷயம் இல்ல சார்," என்றார் ஊர்த் தலைவர் தருமலிங்கம். "ஆனா எடம் சும்மா கெடந்தா பக்கத்து ஊர்க்காரன் வந்து கழி அடிச்சிடுவான். இது யார் பாடுன்னு கேப்பான். இன்னான்னு சொல்றது? வாத்து பாடுன்னா?"

பாடு என்பது இங்கே முறை. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை வருஷத்துக்கு இரண்டு தடவை, கார்த்திகையில் ஒன்றும் சித்திரையில் ஒன்றும், கோயிலில் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள். வீட்டுக்கு ஒரு மரச்சில்லு. சில்லில் அந்த வீட்டின் அடையாளம் கீறியிருக்கும். பூசாரி ஒவ்வொரு இடமாகப் பேர் சொல்லிப் பானைக்குள் கைவிட்டு எடுப்பார். எந்த வீட்டுச் சில்லு வருகிறதோ அந்த வீட்டுக்கு அந்த இடம். குலுக்கலில் சேராத இடம் ஊர் கைவிட்ட இடம். அதில் அடுத்த ஊர்க்காரன் இறங்கினால் கேட்க நாதியில்லை.

"அப்ப வாத்தையும் பங்காளியா சேத்துடு மாமா!" என்று பின்னால் இருந்து உலகநாதன் கத்தினான். கூட்டம் சிரித்தது. தருமலிங்கம் சிரிக்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் சொல்லப்பட்டால் நகைச்சுவையும் தீர்மானம்தான் என்று நினைக்கிறவர் அவர்.

"சேக்கலாம்," என்றார் யோசனையாக. "ஆனா குடும்பஸ்தனுக்குத்தான் பாடு. சார், இந்த வாத்துக்குக் குடும்பம் கீதா?"

ஜெகதீஸ்வரனின் முகம் மலர்ந்தது. "ஒரு தடவை சேர்ந்தா வாழ்நாள் பூரா அதே ஜோடிதாங்க!"

"குடி?"

"சேச்சே."

"அப்ப நம்மாளுங்களுக்கு மேல," என்று யாரோ சொல்ல, வாத்து பங்காளியானது. ஜெகதீஸ்வரன் கண் கலங்கப் படம் பிடித்துக்கொண்டார்.

குணசுந்தரி குழாயை மூடினாள். போன வருஷம் வாடைக்காற்றில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அவள் புருஷன் தனசேகர் போனபின், அடுத்த குலுக்கலிலேயே அவன் சில்லைப் பானையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்தவர் இதே தருமலிங்கம். "ஆம்பளை இல்லாத வூட்டுக்குப் பாடு இல்லம்மா. நானா வெச்சேன் இந்தச் சட்டத்தை?" என்று உண்மையிலேயே வருந்திச் சொன்னார். அவளுக்கு ஒரே மகள், பூவிழி, பொன்னேரியில் கல்லூரிக்குப் போகிறாள். அன்றிலிருந்து குணசுந்தரி கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறாள். அதற்குப் பாடு வேண்டாம், முழங்கால் இருந்தால் போதும்.

"மாமா," என்றாள் அங்கிருந்தே. "அது ஆம்பளை வாத்தா, பொம்பளை வாத்தா?"

"கூட்டத்துல பொம்பளைங்க பேசக்கூடாது சுந்தரி."

"நான் எங்க கூட்டத்துல கீறேன்? கொழாயாண்ட இல்ல நிக்கறேன்."

அதற்குப் பதில் சொல்லச் சட்டத்தில் இடமில்லாததால் தருமலிங்கம் வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

கார்த்திகைக் குலுக்கல் அன்று வாத்துச் சில்லை ஜெகதீஸ்வரனே கொண்டுவந்தார். இரண்டு கறுப்புக் கோடு வரைந்து மெருகெண்ணெய் வேறு பூசியிருந்தார். பூசாரி கற்பூரம் காட்டி, "முகத்துவாரம்!" என்று கூவிக் கையை விட்டார். முகத்துவாரம் என்றால் கடல் ஏரிக்குள் வருகிற வாய். இறால் போகவும் வரவும் அதுதான் வழி. அந்தப் பாடு விழுந்த வீட்டில் அடுத்த குலுக்கல்வரை மருமகள்கள்கூடச் சண்டை போட மாட்டார்கள்.

பூசாரி எடுத்த சில்லில் இரண்டு கறுப்புக் கோடு இருந்தது.

பிறகு ஒவ்வொரு இடமாக வந்து, கடைசியில் கோரைத்திட்டு உலகநாதனுக்கு விழுந்தது. வாத்து தூங்கும் இடத்தில் மனிதனும், மனிதன் பிழைக்கும் இடத்தில் வாத்தும்.

"சின்னக் குழப்பம்," என்று ஜெகதீஸ்வரன் எழுந்தார். "கோரைத்திட்டை வாத்துக்குன்னு முதல்லயே ஒதுக்கியிருக்கலாமே?"

"அது எப்படி சார்?" தருமலிங்கத்துக்கு நிஜமாகவே அதிர்ச்சி. "ஒரு பங்காளிக்கு மட்டும் புடிச்ச எடத்தைக் குடுத்தா, நாளைக்கு எல்லாரும் எனக்கு இதுதான் வோணும்னு நிப்பான். பங்காளின்னு சேத்தாச்சு. பங்காளி மாதிரி பானைக்குள்ள கெடக்கணும்."

"சரி, இப்ப மாத்திக்கலாம்."

"சில்லுல வர்றது எல்லையம்மா முடிவு சார். மாத்தக்கூடாது."

"வாத்து எப்படிங்க வலை கட்டும்?"

இது நியாயமான கேள்வி என்று ஊர் ஒத்துக்கொண்டது. அதற்கும் வழி இருந்தது. நோயில் படுத்தவனுக்காக இன்னொருவர் அவனுக்கு விழுந்த இடத்தில் வலை கட்டலாம். ஆனால் ஏற்கெனவே பாடு வைத்திருக்கிற வீடாக இருக்கக் கூடாது. ஒரு வீட்டுக்கு இரண்டு பாடு ஆகாது. தருமலிங்கம் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். எல்லார் வீட்டுக்கும் ஒரு பாடு விழுந்திருந்தது. எல்லாரும் அவரையே பார்த்தார்கள், முகத்துவாரம் வெறுமனே கிடந்தால் நாளைக் காலையில் அங்கே யார் கழி நிற்கும் என்பது தெரிந்த பார்வை.

"பாடு இல்லாத வூடு ஊர்ல ஒண்ணுதான் கீது மாமா," என்றாள் குணசுந்தரி. இந்தத் தடவை குழாயடியில் இல்லை, கோயில் வாசலில் நின்றாள்.

"பொம்பளை எப்படிம்மா முகத்துவாரத்துல..."

"நான் போவல மாமா. வாத்து போவுது. நான் அதோட கை." உலகநாதன் பக்கம் திரும்பினாள். அவன் தனசேகரின் சித்தப்பா மகன். "உலகு, உங்கிட்ட வலை கீது, படகு கீது, ஆளு கீது, எடம் மட்டும் சொத்தை. வாத்துகிட்ட எடம் கீது, வேற ஒண்ணும் கெடையாது. சேந்து முகத்துவாரத்துல கட்டலாம். கோரைத்திட்ட நீ தொடாத."

கோரைத்திட்டில் கிடைக்கிற இறால் ஒரு குழம்புக்குத் தேறினால் அதிகம் என்பது உலகநாதனுக்குத் தெரியாதா? அவன் வானத்தைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான், "சரி அண்ணி. பறவைக்காக விட்டுக் குடுக்கறேன்," என்றான். ஜெகதீஸ்வரன் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, இயற்கை உங்களை மறக்காது என்றார்.

"பாடு வாத்துது," என்றார் தருமலிங்கம் அவளிடம். "உன்னுது இல்ல. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

புரிந்துதான் போனாள். புருஷனை விழுங்கிய தண்ணீரில் முதல் நாள் கழியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, வாத்தின் பேரில் நிற்பது ஒரு வகையில் நல்லதாகவே இருந்தது. தனசேகர் பேரில் நிற்க வந்திருந்தால் நின்றிருக்க முடியுமா என்று தெரியவில்லை. சாயங்காலம் கட்டுவார்கள், விடிந்ததும் எடுப்பார்கள். வலை கனத்தது. ஊர் அவளை 'வாத்தக்கா' என்றது. அந்தப் பக்கம் கோரைத்திட்டில் முதலாளிகள் ஒற்றைக் காலில் தூங்கினார்கள்.

வெளியூரிலிருந்து பார்க்க ஆட்கள் வந்தார்கள். மனிதனும் பறவையும் கைகோத்த கதை என்று ஜெகதீஸ்வரன் அவர்களுக்கு விளக்கினார். பறவைக்குக் கை ஏது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு அம்மாள் குணசுந்தரியிடம், இந்தப் பறவையைப் பார்க்கும்போது உங்கள் மனதில் என்ன எழுகிறது என்று கேட்டாள்.

"முதலாளி மேல இன்னா எழும்? பயந்தான்," என்றாள் குணசுந்தரி. அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொண்டாள்.

பங்குனி வெயில் ஏறியதும் ஒருநாள் கோரைத்திட்டு காலியாக இருந்தது. சித்திரைக் குலுக்கலில் தருமலிங்கம் வாத்துச் சில்லைக் கையில் எடுத்தார். "பங்காளி ஊர்ல இல்ல. எடுத்துடுவோம்."

"மாமா, தினகரன் துபாய் போயி எத்தினி காலமாச்சு?" என்றாள் குணசுந்தரி.

"அதுக்கின்னா?"

"அவன் சில்லு பானையில கீது. அவனுக்குப் பதிலா அவன் நைனா வலை கட்டறாரு. ஊர உட்டுப் போனவனுக்குப் பாடு நிக்கும், செத்தவனுக்குத்தான் போவும். வாத்து செத்துப்போச்சா? நீங்க பாத்தீங்களா?"

"தினகரன் திரும்பி வருவான்."

"இதுவும் வரும். தினகரனைத்தான் சொல்ல முடியாது."

தினகரனின் நைனா உட்பட எல்லாரும் சிரித்தார்கள். தருமலிங்கம் மட்டும் வெகுநேரம் யோசித்தார். சட்டத்தை வளைக்கச் சொன்னால் சீறுவார். சட்டத்தைக் காட்டிப் பேசினால் குழந்தை மாதிரி ஆகிவிடுவார். "கார்த்திகைக்குள்ள வரணும்," என்றார். "வரலன்னா பேரை எடுத்துடுவேன். அப்ப வந்து துபாய்க் கதை சொல்லாத."

அந்தக் கோடையில் அவளுக்கு நடுத்தரமான ஒரு இடம் விழுந்தது. வாத்துக்கு, அதாவது. வலை எடுக்கும்போதெல்லாம் அவள் பார்வை வடக்கே போய் வந்தது. இத்தனை நாள் பறவை என்பது தலைக்கு மேலே போகிற ஏதோ ஒன்று. இப்போது பூவிழியின் அடுத்த வருஷப் படிப்பு எங்கேயோ பனியில் முட்டையாக உட்கார்ந்திருந்தது. ஆனியில் ஒருநாள் பொறுக்க முடியாமல் ஜெகதீஸ்வரனுக்கே போன் போட்டாள். அவர் மலையில் இருந்தார், குரல் காற்றில் அடிபட்டது.

"சார், முட்டையெல்லாம் பத்திரமா கீதா?"

அவர் முதலில் பருவநிலை மாற்றத்திலிருந்து ஆரம்பித்தார். அவள் பொறுமையாக இருந்தாள். கடைசியில் விஷயத்துக்கு வந்தார். ஆடு மேய்க்கிறவர்களின் நாய்கள் கரைக்கு வந்து முட்டையைத் தின்றுவிடுகின்றன.

"நாயைக் கட்டிப்போடச் சொல்றதுதானே?"

"நாயைக் கட்டினா பட்டிக்கு ஓநாய் வருதும்மா. ஆடுதான் அவங்க சோறு."

ஓநாயைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. சோறு தெரியும். "அவங்களுக்கு நீங்க இன்னா குடுக்கறீங்க சார்?"

"பனையோலைக் கூடை பின்னப் பயிற்சி. உங்க ஏரிக்கரைப் பொம்பளைங்க பின்றாங்களே, அதே மாடல்."

"அங்க பனை மரம் கீதா?"

"ஓலை உங்க பக்கத்துலேர்ந்துதான் லாரியில வருது." அவரே கொஞ்சம் நிறுத்தினார். அப்புறம் மேடையில் கேட்டிராத ஒரு குரலில், "அவங்க கேட்டது பட்டிக்கு மேல போடக் கம்பி வலைம்மா," என்றார். "பணம் குடுக்கறவங்களுக்குப் பொம்பளைங்க உக்காந்து பின்ற மாதிரி படம் வேணும். கம்பி வலையைப் படம் பிடிச்சா நல்லா இருக்காது."

"எங்களுக்குக் கம்பளி வந்த மாதிரி," என்றாள்.

"ஆமாம்மா," என்றார். மறுக்கவில்லை. அந்த ஆளை அன்றுதான் அவளுக்குக் கொஞ்சம் பிடித்தது.

ஐப்பசி மழை அடித்து ஓய்ந்தது. கூழைக்கடா வந்தது, பூநாரை வந்தது, வந்த பறவைகளையெல்லாம் ஊர்க்காரர்கள் அவளிடம் வந்து விசாரித்தார்கள்: "வாத்தக்கா, இது உன் ஆளா?" இல்லை, இல்லை. கார்த்திகைக் குலுக்கல் நாளும் வந்தது. கோரைத்திட்டில் தண்ணீர்தான் இருந்தது.

"அம்மா, புதுசா எதனா சட்டம் கண்டுபுடிச்சியா?" என்றாள் பூவிழி, தலை வாரிக்கொண்டே.

"இல்லடி."

"அப்ப இன்னா பேசப் போற?"

குணசுந்தரி புடவையை உதறிக் கட்டினாள்.

கோயிலில் தருமலிங்கம் வாத்துச் சில்லைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். அவள் வாதாடுவாள் என்று இரண்டு மூன்று பதிலும் தயாராக வைத்திருந்தார் என்பது அவர் தொண்டையைக் கனைத்த விதத்தில் தெரிந்தது.

"எடுத்துடு மாமா," என்றாள் அவள். "வாத்து வரல. அதுக்குப் பாடு வேணாம். நான் வந்திருக்கேன். எனக்குப் போடு."

தயாராக வைத்திருந்த பதில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. "சட்டம்னு ஒண்ணு..."

"போன வருசம் ஆம்பளையா பொம்பளையான்னு தெரியாத ஒண்ணுக்குச் சில்லு போட்டீங்க. நான் இன்னான்னு ஊருக்கே தெரியும். தெரிஞ்ச ஒண்ணுக்குப் போடறதுல இன்னா கஷ்டம்? ஒரு வருசமா வலை கட்டினது யாரு? வாத்தா?"

எங்கோ ஒரு இருமல். அப்புறம் உலகநாதன், "போடு மாமா," என்றான். "அண்ணி நல்லா கட்டுது. நான் கூட இருந்து பாத்தவன்." இதில் அண்ணி மேல் மரியாதை எவ்வளவு, அண்ணிக்கு நல்ல இடம் விழுந்தால் தனக்கும் ஆகும் என்ற நினைப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவனுக்கே தெரிந்திருக்காது.

தருமலிங்கம் மனம் மாறிவிட்டார் என்று எழுத ஆசைதான். அவர் மாறவில்லை. சில்லுகளையும் இடங்களையும் விரல் விட்டுப் பார்த்தார். வாத்து போய்விட்டதால் ஒரு இடத்துக்குச் சில்லு இல்லை. சில்லு இல்லாத இடத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன் வருவான். "எடம் பாழாவக் கூடாது," என்றார், அம்மனுக்கே விளக்கம் சொல்கிறவர் போல. உள்ளே போய், தனசேகர் வீட்டுச் சில்லைத் துடைத்து எடுத்துவந்து பானையில் போட்டார். அதை அவர் எறிந்துவிடாமல் வைத்திருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவள் வீட்டுக்கு விழுந்தது கோரைத்திட்டு.

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். உலகநாதன் முகம் தொங்கிப்போனது. இந்தத் தடவை அவனுக்கும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் விழவில்லை. குணசுந்தரிக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. சொத்தை இடம்தான். ஆனால் பூசாரி கூவியது அவள் வீட்டுப் பேரை.

மழைத்தண்ணீர் கொஞ்சம் வடியட்டும் என்று சில நாள் பொறுத்து, சாயங்கால வலைக்கு முன்னதாகவே கழி அடித்து வைக்க, ஒரு விடியலில் அவளும் உலகநாதனும் கோரைத்திட்டுக்குப் போனார்கள். பனி மூட்டத்துக்குள் முதலில் சத்தம்தான் கேட்டது, மூக்கடைத்த ஊதுகுழல் மாதிரி. உலகநாதன் தானாகவே துடுப்பை நிறுத்தினான்.

வந்திருந்தார்கள். திட்டு நிறைய. சில பறவைகள் வந்த களைப்பில் தலையை முதுகுக்குள் செருகிக்கொண்டிருந்தன. பழுப்புத் தலையோடு, கோடு இன்னும் சரியாக விழாத குஞ்சுகளும் நடுவில் இருந்தன.

"நாலு நாள் முன்னாடி வந்து தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றான் உலகநாதன். "அண்ணி, கழி அடிச்சா மொத்தமும் பறந்துடும். இன்னா பண்ணலாம் சொல்லு. வெளிச்சம் வருது."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். போன வருஷம் பறவை பக்கம் நிற்பது சுலபமாக இருந்தது. விட்டுக்கொடுத்தது உலகநாதனின் இடம், அதுவும் பறவையின் முகத்துவாரத்தை வைத்துக்கொண்டு. இந்த வருஷம் பறவைக்கு முகத்துவாரம் இல்லை. அவளுக்கும் இல்லை. இருப்பது இது ஒன்றுதான், இரண்டு பேருக்கும்.

"அந்தாண்ட ஓரமா அடி," என்றாள். "வாய்க்கால் பக்கம். நடுவுல வேணாம்."

"ஓரத்துல எறாலே ஏறாது அண்ணி."

"கொஞ்சம் ஏறும். மிச்சத்துக்கு நான் கையால தடவிக்கறேன். பழக்கந்தானே."

"நீ பேஜார் புடிச்ச ஆளு அண்ணி. இது யார் பாடு? உன்னுதா, வாத்துதா?"

"என்னுது," என்றாள் குணசுந்தரி. "அதனாலதான் நான் சொல்றேன். மெதுவா அடி."

அவள் கழியை நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். உலகநாதன் முணுமுணுத்தபடி, கழியின் தலையில் தன் துண்டைச் சுற்றி, அதன் மேல் அடித்தான். திட்டில் சில தலைகள் நிமிர்ந்தன. சில பறவைகள் இறக்கையை விரித்து எழும்பி, கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தன. அடுத்த அடிக்கு முன் அவள் கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள். மற்றவை தலையைத் திரும்பச் செருகும்வரை காத்திருந்து, கையை இறக்கினாள்.